கோடிட்ட இடத்தை யார் நிரப்புவது?

திருமங்கலத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு வயது 72. ஆயுள் முழுக்கப் பத்திரம் எழுதியவர். எந்த விஷயத்துக்கு எந்தச் சொல் போட வேண்டும் என்று நான்கு பேர் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். அவருக்குச் சென்ற ஆண்டு கேஸ் ஏஜென்சியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. இனி சிலிண்டர் பற்றிய எல்லாவற்றையும் போனில் சாட்பாட்டிடமே கேட்டுக்கொள்ளலாமாம். பெரியப்பா உற்சாகமாகத் திறந்து, முறைப்படி "வணக்கம்" என்று தட்டினார்.

"தவறான கட்டளை" என்று பதில் வந்தது.

"சிலிண்டர் எப்போது வரும்?" என்றார். தவறான கட்டளை. "பதிவு செய்து ஆறு நாள் ஆகிறது" என்றார். தவறான கட்டளை. அடுத்த முறை ஒரு சொல்லாகச் சுருக்கி "சிலிண்டர்" என்று மட்டும் அனுப்பினார். அதுவும் தவறு. போனை என் பக்கம் நீட்டிக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, நான் என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியுது. இதுக்கு என்ன தெரியும்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

ஐம்பது ஆண்டுகளாகக் கணினி வல்லுநர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. ஒரு கருவியால் என்னென்ன முடியும் என்பதை அந்தக் கருவியே காட்டிக்கொடுக்க வேண்டும். ஏடிஎம் இயந்திரம் காட்டிக்கொடுக்கிறது. பணம் எடுக்க, இருப்பு பார்க்க என்று திரையிலேயே வரிசையாக இருக்கிறது. சாட்பாட்டின் திரையிலோ ஒரு வெற்றுப் பெட்டியும் மினுக்கும் கோடும்தான். பள்ளி வினாத்தாளில் வரும் "கோடிட்ட இடத்தை நிரப்புக" போன்றது அது. வினாத்தாளிலாவது கோட்டுக்கு முன்னும் பின்னும் சில சொற்கள் இருக்கும். இங்கே கோடு மட்டும்தான் இருக்கிறது.

கோடிட்ட இடத்தை நிரப்புக

1970-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற நிறுவனத்தில் வில் குரோதர் என்ற நிரலாளர் இருந்தார். இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டைக் கட்டியவர்களில் ஒருவர். ஓய்வு நேரத்தில் கென்டக்கியின் மாமத் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுப்பவர். தன் இரு பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக அந்தக் குகையை ஒரு கணினி விளையாட்டாக எழுதினார். அதில் படம் கிடையாது. கணினி சூழலை வர்ணிக்கும். நீங்கள் "விளக்கை எடு", "வடக்கே போ" என்று ஓரிரு ஆங்கிலச் சொற்களில் கட்டளை தர வேண்டும். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்க, 'அட்வென்ச்சர்' என்ற பெயரில் அது கணினிக் கூடங்கள் எங்கும் பரவியது.

அதன் வழியில் வந்த விளையாட்டுகளை ஆடியவர்கள் ஒரு தொல்லையைக் கண்டார்கள். கதவைத் திறக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் "திற" என்பதா, "தள்ளு" என்பதா, "பூட்டை நீக்கு" என்பதா? கணினிக்கு அவற்றில் ஒன்றுதான் தெரியும். புதிர் குகையில் இருக்க வேண்டியது, அகராதியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் இதற்கு 'வினைச்சொல்லைக் கண்டுபிடி' என்றே பட்டப்பெயர் உண்டு.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் குகையில் ஒரு மந்திரச் சொல் இருக்கிறது: எக்ஸ், ஒய், இசட், இசட், ஒய் என்ற ஐந்து எழுத்துகள். சொன்னால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்விடலாம். எந்த மனிதனும் தானாக ஊகிக்க முடியாத சொல் அது. அதனால் குரோதர் அதைக் குகைச் சுவரிலேயே எழுதி வைத்தார். புதிர் போடுவதையே வேலையாகக் கொண்ட நிரல்கூட, ஊகிக்க முடியாத சொல்லைச் சுவரில் எழுதிக் காட்டியது. சிலிண்டர் சாட்பாட் காட்டவில்லை.

உளவியலாளரான டொனால்ட் நார்மன் 1980-களில் இந்தத் தவிப்புக்கு ஒரு பெயர் தந்தார். மனிதன் மனத்தில் இருக்கும் நோக்கத்துக்கும், அதை நிறைவேற்றக் கருவி எதிர்பார்க்கும் செய்கைக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. அதுதான் 'செயல் இடைவெளி'. பெரியப்பா நின்றது அந்தப் பள்ளத்தின் விளிம்பில். பாலம் போட வேண்டியவர் கருவியைச் செய்தவர் என்பதுதான் நார்மன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவருவது.

சரியான விடையைத் தேர்ந்தெடு

கோடிட்ட இடத்தைக் கண்டு திணறும் மாணவர், அதே கேள்விக்குக் கீழே நான்கு விடைகளைக் கொடுத்தால் சட்டென்று சரியானதைக் காட்டிவிடுவார். மூளை இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சொல்லை வரவழைப்பது நினைவுகூர்தல். கண்முன் இருப்பதை 'இதுதான்' என்று இனம் காண்பது அடையாளம் காணல். இரண்டாவதில் நாம் அசாத்தியமான திறமைசாலிகள்.

எவ்வளவு திறமை என்று 1973-இல் லயனல் ஸ்டாண்டிங் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை காட்டுகிறது. ஐந்து நாள்களில் 10,000 படங்களை ஆள்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு, பார்த்த படம் ஒன்றையும் பார்க்காத படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, எது பார்த்தது என்று கேட்டார். சுமார் 83 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே ஆள்களிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பார்த்த படங்களை எல்லாம் எழுதச் சொன்னால் அந்தப் பட்டியல் எவ்வளவு நீளும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆக, கட்டளையை நினைவிலிருந்து எடுக்கச் சொல்லாமல் கண்முன் வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. இதற்கான முதல் நல்ல விடைகளில் ஒன்று, குரோதர் வேலை பார்த்த அதே நிறுவனத்தில் பிறந்தது. அங்கே உருவான டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தில் கட்டளையின் முதல் சில எழுத்துகளைத் தட்டி எஸ்கேப் விசையை அழுத்தினால், மீதியைக் கணினியே எழுதி முடிக்கும். அடுத்து என்ன தர வேண்டும் என்பதையும் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லாகக் காட்டும். அதன் வழிவந்த டாப்ஸ்-20 தளத்தில் எந்த இடத்திலும் கேள்விக்குறியைத் தட்டலாம். அந்த இடத்தில் என்னென்ன சொல் போடலாம் என்ற பட்டியல் வந்துவிடும். படமும் சுட்டியும் வீட்டுக் கணினிக்கு வருவதற்கு முன்பே, வெறும் எழுத்துத் திரையில் பெரியப்பாவின் கேள்விக்கு விடை இருந்தது. வியப்பாகவும் இருக்கிறது, ஆதங்கமாகவும் இருக்கிறது.

அரட்டைக்குள் கட்டளை நுழைந்த கதை 1988-இல் தொடங்குகிறது. ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினென், பலர் ஒரே அறையில் பேசுவதற்கான ஐஆர்சி என்ற அமைப்பை எழுதினார். அங்கே தட்டுவதெல்லாம் எல்லோருக்கும் போகும். அப்படியானால் 'நான் வேறு அறைக்குப் போகிறேன்' என்பதைக் கணினியிடம் மட்டும் எப்படிச் சொல்வது? வரியின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு (/) போட்டால் அது பேச்சு இல்லை, கட்டளை என்று பொருள். இன்று டெலிகிராம், ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாவற்றிலும் நாம் போடும் சாய்கோடு அந்த வழக்கத்தின் தொடர்ச்சி.

அந்தக் கோட்டின் வேலை இடையில் மாறியது. ஐஆர்சி காலத்தில் சாய்கோடு வெறும் அடையாளம். அதன் பின் வரும் சொல்லை நீங்கள்தான் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இன்று டெலிகிராமில் பாட் ஒன்றிடம் / என்று தட்டியதும் கட்டளைப் பட்டியலே விரிகிறது. 2015-இல் டெலிகிராம் தன் பாட் தளத்தைத் திறந்தபோது, பாட் செய்பவர்களுக்கென்றே 'பாட்ஃபாதர்' என்ற பாட்டையும் வைத்தது. கட்டளைகளையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்தையும் அதனிடம் கொடுத்துவிட்டால், பயனருக்கு அவை தானாகத் தோன்றும். தொடங்க, உதவி பெற, அமைப்புகளை மாற்ற என மூன்று கட்டளைகளை எல்லா பாட்களும் ஒரே பெயரில் வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. ஒரு பாட்டில் கற்றது அடுத்த பாட்டிலும் செல்லும்.

டிஸ்கார்டில் தொடக்கத்தில் ஒவ்வொரு பாட்டும் ஆச்சரியக்குறியையோ வேறு குறியையோ தானே தேர்ந்துகொண்டது. ஒரே குழுவில் ஐந்து பாட்கள் இருந்தால் "!உதவி" என்று கேட்பவருக்கு ஐந்தும் ஒன்றாகப் பதில் சொல்லும் கூத்து நடக்கும். தன்னைக் கூப்பிடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு பாட்டும் எல்லோருடைய செய்திகளையும் படித்துக்கொண்டே இருக்க வேண்டியும் இருந்தது. சாய்கோட்டுப் பட்டியல் வந்த பிறகு எந்தக் கட்டளை எந்த பாட்டுடையது என்று படத்தோடு தெரிகிறது. கூப்பிட்டால் மட்டும் கேட்டால் போதும். கட்டளையைக் காட்டிவைப்பது அந்தரங்கத்துக்கும் நல்லது என்பது அப்போது புரிந்தது.

பட்டியல் என்றதும் எல்லாவற்றையும் கொட்டிவிடவும் கூடாது. டெலிகிராம் ஒரு பட்டியலில் 100 கட்டளைகள் வரை இடம் தருகிறது. மெஸ்ஸில் அனுபவமுள்ள பரிமாறுபவர் காலை எட்டு மணிக்கு "இட்லி, பொங்கல், வடை, தோசை" என்பார். மாலையில் கிடைக்கும் அடையைச் சொல்லமாட்டார். வாட்ஸ்அப் வணிகக் கணக்குகளில் ஒரு செய்திக்கு அடியில் மூன்று பதில் பொத்தான்கள்தான் வைக்க முடியும், விரியும் பட்டியலில் பத்து வரிகள்தான். நெருக்கமான கட்டுப்பாடு, நல்ல கட்டுப்பாடும்கூட. இந்த ஆளுக்கு இந்த நேரத்தில் எந்த மூன்று வேண்டும் என்று செய்பவரை யோசிக்க வைக்கிறது. சிலிண்டர் பதிவாகி ஆறு நாள் ஆனவரிடம் 'எங்கே இருக்கிறது', 'புகார்', 'ரத்து' என்ற மூன்றைக் காட்டினால் போதுமே.

பொருத்துக

பட்டியலைப் பார்க்காமல் மனத்தில் தோன்றியதையே தட்டுபவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்லும், கருவியின் சொல்லும் ஒன்றாக இருக்குமா?

1987-இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் பெல் கம்யூனிகேஷன்ஸ் ரிசர்ச்சில் அவருடன் பணியாற்றிய மூவரும் இதை அளந்து எழுதினார்கள். ஐந்து வெவ்வேறு துறைகளில், ஒரே பொருளுக்கோ செயலுக்கோ ஆள்கள் தாமாக என்ன பெயர் வைக்கிறார்கள் என்று திரட்டினார்கள். இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் கீழே. நிரலை எழுதியவருக்கு மிக இயல்பாகத் தோன்றும் சொல், ஐந்தில் நான்கு பேருக்குத் தோன்றாது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 'சரியான சொல்' ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் சிக்கல் தீரும் என்ற நம்பிக்கையை அந்த எண் உடைத்தது. அவர்கள் சொன்ன மருந்து எளியது: ஒரு செயலுக்கு ஒரு பெயர் போதாது, மக்கள் சொல்லக்கூடிய எல்லாப் பெயர்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தமிழில் இந்தச் சிக்கல் பல மடங்கு பெருகுகிறது. பதிவை நீக்க வேண்டும் என்பவர் "ரத்து" என்பார், "கேன்சல்" என்பார், "வேண்டாம்" என்பார், "வேணாம்" என்பார், "நிறுத்துங்க" என்பார். அதையே ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் 'எப்படி' என்ற சொல்லையே ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். போதாததற்கு நம் சொற்கள் வேற்றுமை உருபுகளைச் சுமந்து வரும்: சிலிண்டரை, சிலிண்டருக்கு, சிலிண்டரோட. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஐந்து மாற்றுப்பெயர் தொகுத்தால் ஓரளவு தப்பிக்கலாம். தமிழில் ஐம்பது தொகுக்க வேண்டும்.

தொகுப்பதற்கு அறையில் உட்கார்ந்து யோசிக்கத் தேவையில்லை. 'தவறான கட்டளை' என்று பாட் திருப்பியனுப்பிய செய்திகளே அந்தத் தொகுப்பு. பெரியப்பா அனுப்பிய நான்கு வரிகளும் அந்த ஏஜென்சிக்கு இலவசமாகக் கிடைத்த நான்கு பாடங்கள். வாரம் ஒருமுறை யாராவது அந்தக் குவியலைத் திறந்து படித்து, "சிலிண்டர் எப்போது வரும்" என்பதை உரிய கட்டளையோடு பொருத்தியிருந்தால், அடுத்து வரும் நூறு பெரியப்பாக்கள் தப்பித்திருப்பார்கள்.

பிழை திருத்துக

சொல் சரிதான், எழுத்து பிசகிவிட்டது என்றால்? 1964-இல் ஃபிரெடெரிக் டாமெரோ, தட்டச்சுப் பிழைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் நான்கே வகையில் அடங்கும் என்று காட்டினார்: ஓர் எழுத்து கூடுதல், ஓர் எழுத்து குறைவு, ஓர் எழுத்து மாறியது, பக்கத்து எழுத்துகள் இடம் மாறியது. அடுத்த ஆண்டே சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டெய்ன், ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை முறை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணும் அளவை முன்வைத்தார். 'மழை'க்கும் 'மலை'க்கும் தொலைவு ஒன்று. வந்த சொல்லுக்கு மிக அருகில் இருக்கும் கட்டளையைக் கண்டுபிடித்து, "இதையா கேட்டீர்கள்?" என்று பாட் கேட்டுவிடலாம்.

கேட்பதோடு நிற்க வேண்டும். தானாகச் செய்துவிடக் கூடாது. 'பதிவு' என்று நினைத்து 'ரத்து' செய்துவிட்டால் பெரியப்பா இன்னும் ஒரு மாதம் காத்திருக்க நேரும். பார்ப்பதற்கு மட்டுமான கட்டளை என்றால் ஊகித்துக் காட்டலாம். எதையாவது மாற்றும், அழிக்கும், பணம் எடுக்கும் கட்டளை என்றால் ஒரு சொல் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

இங்கே தமிழ் எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். 'இருப்பு' என்பதை ஒருவர் 'இருபு' என்று தட்டுகிறார். நம் கண்ணுக்கு ப் என்ற ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. யூனிகோடில் ப் என்பது ப என்ற குறியீடும் புள்ளி என்ற குறியீடுமாக இரண்டு. ஆகவே கணினியின் கணக்கில் தொலைவு இரண்டு. 'மின்கட்டணம் செலுத்து' என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் 11. இடைவெளியையும் சேர்த்துக் கணினி எண்ணும் குறியீடுகள் 20. பொத்தானுக்கு இத்தனை எழுத்துதான் என்று ஆங்கிலத்தை வைத்து வகுத்த வரம்புக்குள் தமிழ் திணறுவது இதனால்தான்.

கட்டளைப் பெயர்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். டெலிகிராமில் கட்டளையின் பெயர் சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றில் மட்டுமே இருக்கலாம். அதனால் தமிழ் பாட்டிலும் கட்டளை ஆங்கில எழுத்தில்தான். ஆனால் விளக்கத்தைத் தமிழில் தரலாம். பயனரின் மொழிக்கேற்ப வேறு வேறு பட்டியலும் வைக்கலாம். டிஸ்கார்டின் ஆவணம் கூறும் விதி எந்த மொழி எழுத்தையும் எண்ணையும் ஏற்கிறது; தேவநாகரி, தாய் ஆகிய இரண்டு வரிவடிவங்களைத் தனியே பெயர் சொல்லி முழுமையாக அனுமதிக்கிறது. ஏன் தனியே? உயிர்மெய்க் குறிகளை யூனிகோடு 'எழுத்து' என்று வகைப்படுத்தவில்லை, 'குறி' என்றே வகைப்படுத்துகிறது. அந்த இரண்டின் குறிகளுக்கும் சிறப்பு அனுமதி உண்டு. தமிழின் பெயர் அந்த விதியில் இல்லை. அதன்படி 'பல' என்ற சொல் கட்டளைப் பெயராகலாம். 'சில' ஆக முடியாது, இகரக் குறி தடுக்கிறது. 'உதவி'யும் ஆக முடியாது. உதவி கேட்கும் சொல்லே உள்ளே நுழைய முடியாத கதவு அது. யாரும் வஞ்சகமாகச் செய்ததில்லை. கேட்பதற்கு நம்மில் ஒருவர் அங்கே இல்லாததால் விட்டுப்போனது. கேட்டால் ஒரு வரியில் சரியாகிவிடும்.

விரிவான விடை

இப்போது மொழி மாதிரிகளின் காலம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் தட்டலாம் என்றாகிவிட்டது. பெரியப்பாவின் "சிலிண்டர் எப்போது வரும்?" என்ற வரியை இன்றைய மாதிரி எதுவும் புரிந்துகொள்ளும். கட்டளைகளே வேண்டாம் என்று இதை வைத்துச் சொல்கிறார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்வி புரிவது வேறு, அந்தக் காரியத்தைச் செய்ய முடிவது வேறு. ஏஜென்சியின் கணக்கோடு இணைக்காத பாட் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முன்பு பாட்டுக்குத் தெரிந்தது பதினொரு கட்டளை என்றால் பதினொன்றையும் எழுதிக் காட்டலாம். இப்போது அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் சாட்ஜிபிடியின் முதல் திரையிலும் மாதிரிக் கேள்விகளையும், அதனால் முடியாதவை இவை என்ற பட்டியலையும் வைத்தார்கள். கோடு நீளமாகிவிட்டது, அவ்வளவுதான். நிரப்ப உதவி தேவைப்படுவது மாறவில்லை.

நான் அன்று பெரியப்பாவின் போனில் ஆங்கிலத்தில் 'ஹெல்ப்' என்று தட்டிப் பார்த்தேன். பதினொரு கட்டளைகள் வரிசையாக வந்தன, எல்லாம் ஆங்கிலத்தில். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, ஐந்தாவதில் நிறுத்தினார். "இதுதான்." தட்டினோம். மறுநாள் வரும் என்று பதில் வந்தது.

பிறகு அவர் நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் தனக்கு வேண்டிய நான்கு கட்டளைகளைப் பத்திர எழுத்தில் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் ஒரு வரி: பதிவு செய்ய, எப்போது வரும், புகார், வேண்டாம். அடுப்படிச் சுவரில் சிலிண்டருக்கு மேலே ஒட்டினார். பக்கத்து வீட்டு அக்கா வந்து போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தத் தாள் இன்னும் அங்கே இருக்கிறது. பாட்டைச் செய்தவர்கள் ஒருமுறை அந்த அடுப்படிக்கு வந்து பார்த்தால், தங்கள் முதல் திரையில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை நான்கு வரியில் படித்துவிட்டுப் போகலாம்.